முள்ளு நடுவுல வந்துச்சா?

சங்கராபுரத்தில் எங்கள் தெருவில் 'புல்லட்காரர் வீடு' என்று கேட்டால் சின்னப் பையன்கூட கைகாட்டுவான். புல்லட்காரர் என் அப்பா. வண்டி 1972 மாடல். செகண்ட்ஹேண்டில் வாங்கியது.

அப்பாவுக்கு மூட்டுவலி வந்தபிறகு, பத்து வருஷமாக அது கொட்டகையில் கோழிகளுக்குக் கட்டிலாக இருந்தது. போன வருஷம் அதைச் சென்னைக்குத் தூக்கிப்போய் பெயின்ட், குரோமியம், சீட் எல்லாம் புதுசாக்கினேன். "இந்தக் காசுல எனக்கு ரெண்டு பவுன் வந்திருக்கும்" என்றாள் மனைவி. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபரில் லாரியில் ஊருக்கு அனுப்பினேன். மழைக்காலம் முழுக்க மறுபடி கொட்டகைவாசம். பொங்கலுக்குப் போய், தெருவே வேடிக்கை பார்க்க உதைத்தேன். உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். வண்டி அசையவில்லை, என் இடுப்பெலும்புதான் அசைந்தது!

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை. ஆனால் அரைமணி நேரமாக ஒரே பக்கம்.

அம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இவ்வளவு செலவு பண்ணியே, அவரை ஒரு வார்த்தை கேட்டியாடா? கேட்டாத்தானே சொல்லுவாரு."

சுருக்கென்றது. பெயின்ட் கலரைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.

திண்ணைக்குப் போனேன். "அப்பா, வந்து பாருங்களேன்..."

பேப்பர் மடிந்தது. மச்சான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி வரவில்லை. "ஈரத்துல பாயின்ட் பூத்திருக்கும். உப்புத்தாள் வச்சு லேசா தேய்" என்றார் அப்பா. அப்புறம் அந்தப் பாயின்ட்டுக்கு நடுவே இடைவெளி வைக்கணும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு! அளக்க என்ன செய்வது?

"உன் விசிட்டிங் கார்டு ஒண்ணு குடு. அந்தத் தடிமன் போதும்."

'எழுத்தாளர், பி.காம்.' என்று அச்சடித்த கார்டு முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

"இப்ப சாவியைப் போடு. கிக்கரை மெதுவா அமுக்கு. ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுல வந்துச்சா? டீகம்ப்ரஷரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் அமுக்கு. விடு. இப்ப உதை!"

விஷயம் இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வருகிற நேரத்தை முள் காட்டிக் கொடுக்கிறது. உச்சியைத் தாண்டவிட்டு உதைத்தால் வண்டி கிளம்பும். தாண்டாமல் உதைத்தால் கிக்கர் நம்மைத் திருப்பி உதைக்கும்.

ஒரே உதை. டப்... டப்... டப்... கோழிகள் தெருக்கோடிக்கு ஓடின. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புகையாம்!

இந்தச் சத்தத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு புல்லட்டைத் தேர்ந்தெடுக்க, 1955-ல் சென்னையில் கம்பெனி தொடங்கியது. இங்கிலாந்துக்காரன் 1970-ல் கடையை மூடிவிட்டான். திருவொற்றியூர் மூடவில்லை. 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி! பிறந்த வீடு மறந்ததைப் புகுந்த வீடு காப்பாற்றிய கதை.

"வெள்ளிமலை வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. "உங்கப்பா பின்னாடி உக்காந்து ஒருநாளும் போனதில்லை."

பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். கடைவீதியில் ஆடு ஒன்று குறுக்கே வர, பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தேன். ஆடு தன் சொந்தப் புத்தியால் பிழைத்தது. பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு.

கரும்பு டிராக்டர்களை ஒதுங்கவிட்டு, மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி, கச்சிராயபாளையம். ஊரைத் தாண்டியதும் கோமுகி அணை. அங்கிருந்து கல்வராயன் மலை ஏற்றம். ஒரு காலத்தில் ஜாகீர்தார்கள் ஆண்ட மலை. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானபின் வெளியூர்க்காரர்களும் விசாரிக்கிறார்கள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. என் தோளில் அப்பாவின் கை இறுகியது. "செகண்டுக்கு வா... இப்ப விடு... ம்ம்." பெரியார் அருவி வந்தபோது 'ம்ம்' மட்டும்தான் மிச்சம். நான் தேறிவிட்டேன்!

வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். மீட்டரைக் குனிந்து பார்த்தேன்.

"முள்ளு நடுவுல வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"அப்ப உதை."

சின்ன வயசிலிருந்து அப்பா வாயால் எத்தனையோ தடவை 'உதை' கேட்டிருக்கிறேன். இனித்தது இது ஒன்றுதான்.