முளையும் கயிறும்

அரபு யாப்பிலக்கணத்தை 'இல்முல் அரூள்' என்பர். முப்பதாண்டுகளாக அதனை மத்ரஸாவில் போதித்து வருபவன் நான். கவிதையின் ஒரு முழு வரிக்கு அக்கலையில் 'பைத்' என்று பெயர். ரபீஉல் அவ்வல் மாதத்தில் நம் இல்லங்களில் பைத்து ஓதுகிறோமே, அதே சொல்தான். பைத் என்றால் வீடு. பாலைநிலத்து அரபிக்கு வீடு என்பது கூடாரம். எனவே ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்து இக்கலையை வகுத்த பேரறிஞர் கலீல் இப்னு அஹ்மத், செய்யுளின் உறுப்புகளுக்குக் கூடாரத்தின் உறுப்புகளையே பெயராக வைத்தார். ஈரெழுத்து அசைக்கு 'ஸபப்', அதாவது கயிறு. மூவெழுத்து அசைக்கு 'வதத்', அதாவது முளை. 'ஸிஹாஃப்' என்னும் தளர்வு கயிற்றுக்கே நேரும், முளைக்கு நேராது என்பது விதி. நம் தமிழிலும் யாப்பு என்றால் கட்டுதல், தளை என்றால் பிணைப்பு அன்றோ?

இவ்விதியை எத்தனையோ மாணவர்களுக்கு மனனம் செய்வித்திருக்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் ஒரு கூடார முளையை அடித்ததில்லை, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியதுமில்லை. ஐம்பத்தாறாம் வயதில் இங்கிலாந்தின் ஒரு புல்வெளியில் அந்தப் பாடம் எனக்கு நடந்தது. உடன் வேறொரு பாடமும் நடந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் மகள் லெஸ்டர் நகரில் கணவரோடும் மகனோடும் வாழ்கிறாள். 2024ஆம் ஆண்டு அவர்களைக் காணச் சென்றிருந்தேன். மே மாதக் கடைசியில் அங்கே திங்கட்கிழமையும் சேர்ந்து தொடர் விடுமுறை. மருமகன் ஒரு கூடாரச் சங்கத்தில் உறுப்பினர். "மாமா, டெர்பிஷயரில் எங்கள் சங்கத்து ராலி நடக்கிறது. நீங்களும் வாருங்கள்" என்றார். ராலி என்றதும் கொடியும் கோஷமுமாகச் செல்லும் ஊர்வலம் ஒன்றை எண்ணிக்கொண்டேன். அங்கே அச்சொல்லுக்குப் பொருள் வேறு. உறுப்பினர்கள் ஒரு வயலில் கூடிக் கூடாரம் அடித்தும், வண்டி வீடுகளை நிறுத்தியும் சில நாள் ஒன்றாகத் தங்குவதே ராலி.

இதற்கு அந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்பவர் தொழிலால் தையற்காரர். 1853இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். அந்தச் சுவை அவரை விடவில்லை. மிதிவண்டியில் கட்டிச் செல்லக்கூடிய சிறு கூடாரங்களை அவர் வடிவமைத்தார். 1901இல் மிதிவண்டிக் கூடாரக்காரர்களின் சங்கம் ஒன்று அவர் முயற்சியால் தோன்றியது. அவ்வழியில் பின்னர் எத்தனையோ சங்கங்கள் எழுந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கத்தினர் தனி உரிமம் இல்லாமலேயே ஒரு வயலில் ஐந்து நாட்கள் வரை இவ்வாறு கூடித் தங்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கற்சுவர் சூழ்ந்த சரிவான வயல். மூலையில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், நடுவில் ஒரு கொடிக்கம்பம். வேறு வசதி எதுவுமில்லை. மருமகன் கூடாரத்தை விரித்துப் பாதி நிறுத்தியிருந்த வேளையில், எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கையில் கயிற்றோடு வந்தார். முகாமின் மேற்பார்வையாளராம். பக்கத்து வண்டி வீட்டிலிருந்து எங்கள் கூடாரம் வரை கயிற்றைப் பிடித்து அளந்தார். தலையை அசைத்தார். வயலின் ஓரத்தைக் கைகாட்டி ஏதோ சொன்னார். மருமகன் மறுபேச்சின்றி முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

என் முகம் சுருங்கிவிட்டது. அவர் என் மகளின் தலைத்துணியைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார் என்று என் மனம் கணக்கெழுதியது. "வாம்மா, வீட்டுக்கே போய்விடுவோம். நம்மை ஒதுக்கி வைக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை?" என்றேன்.

"அப்படியில்லை அத்தா. இரண்டு கூடாரத்துக்கு நடுவில் ஆறு மீட்டர் இடம் விட வேண்டும். தீப்பிடித்தால் பரவக் கூடாது என்பதற்காக" என்றாள் மகள்.

ஆறு மீட்டர் என்றால் ஏறத்தாழ இருபதடி. இந்தப் பரந்த வயலில் இருபதடிக்கு ஒரு சட்டமா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்றே எண்ணினேன். அப்பெரியவர் புன்னகையோடு கைநீட்டியபோது, கவனியாதவன் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் பெரிய வண்டி வீட்டோடு வந்தார்கள். பெரியவர் அதே கயிற்றைக் கொண்டுபோய் அளந்தார், தலையை அசைத்தார். அவர்கள் வண்டியை நகர்த்தினார்கள். மீண்டும் அளந்தார், மீண்டும் தலையை அசைத்தார். அவர்கள் இரண்டாம் முறையும் நகர்த்தினார்கள். முகம் சுளிக்கவில்லை.

நாற்காலியில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்த என் நெஞ்சில் அப்போதுதான் என் அத்தாவின் நினைவு வந்து இடித்தது.

அத்தா 1997இல் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 15, துல்ஹஜ் பிறை 8. மினாவில் சமையல் எரிவாயுவால் மூண்ட தீ, வீசிய காற்றில் கூடாரத்துக்குக் கூடாரம் தாவியது. ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் சாம்பலாயின. 340க்கும் மேற்பட்ட ஹாஜிகள் மறைந்தார்கள். அதன் பின்னரே தீப்பற்றாத கண்ணாடி இழைக் கூடாரங்கள் அங்கு அமைக்கப்பட்டன. அத்தா உள்ளங்கால் வெந்த நிலையில் திரும்பி வந்தார்கள். அவர்களோடு எங்கள் தெருவிலிருந்து சென்ற நண்பர் திரும்பவில்லை. அத்தா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, இஷாவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து சொன்னார்கள்: "இரண்டு கூடாரத்துக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தால் அவன் இருந்திருப்பான்."

அந்த இடத்தைத்தான் இப்பெரியவர் கயிற்றால் அளந்துகொண்டிருந்தார். உலகில் யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானோ அதனை அவமதிப்பு என்று எண்ணிப் பொருமிக்கொண்டிருந்தேன். பிறரைப் பற்றித் தீய எண்ணம் கொள்வதை விலக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை மிம்பரில் நின்று எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்!

சனிக்கிழமை இரவு மழை பிடித்துக்கொண்டது. நள்ளிரவுக்கு மேல் கூடாரத் துணி தொய்ந்து எங்கள் தலையைத் தொட்டது. பேரன் விழித்துக்கொண்டு, "நன்னா, வீடு விழப் போகுதா?" என்றான். நானும் மருமகனும் வெளியே வந்தோம். நைலான் கயிறுகள் நனைந்து நீண்டிருந்தன. எதிரே ஒரு விளக்கு அசைந்து வந்தது. மழைச்சட்டை அணிந்த அப்பெரியவர், கையில் மரச்சுத்தியலோடு ஒவ்வொரு கூடாரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இப்பணிக்கு அவருக்கு ஊதியம் கிடையாது என்று பின்னர் அறிந்தேன். என் கையில் சுத்தியலைக் கொடுத்து, முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டுமென்று சைகையால் காட்டினார். நான் அடித்தேன். கயிற்றிலிருந்த சிறு கட்டையை அவர் இழுக்க, துணி விறைத்து நின்றது. கயிறுகள் யாவும் தளர்ந்திருந்தன. சரியாக அடித்த முளை ஒன்றுகூட அசையவில்லை. தளர்வு கயிற்றுக்கே, முளைக்கு இல்லை! முப்பதாண்டு ஓதிக்கொடுத்த விதியை அந்த மழையில் என் கை கற்றது.

மழை ஓய்ந்ததும் ஈரப் புல்லில் விரிப்பை இட்டு ஸுப்ஹு தொழுதேன். ஊரில் மேற்கு நோக்கி நின்று பழகிய உடல், அங்கே தென்கிழக்கு நோக்கி நின்றது. திசை வேறு, கிப்லா ஒன்றே.

ஞாயிறு காலை எல்லோரும் கொடிக்கம்பத்தருகே கூடித் தேநீர் அருந்தினார்கள். மகளை அழைத்துக்கொண்டு அப்பெரியவரிடம் சென்றேன். முதல் நாள் நான் நினைத்ததையும், என் அத்தாவின் கதையையும் ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். "உள்ளதை உள்ளபடி சொல்லம்மா" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்: "நான் கைநீட்டினேன், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். வெள்ளைக்காரன் என்பதால் என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று நானும் நினைத்துவிட்டேன்."

இருபதடி இடைவெளி தீயைத் தடுக்கும். நெஞ்சங்களுக்கிடையே விட்ட இடைவெளியிலோ தீ தானே பிறந்துவிடுகிறது. இம்முறை நான்தான் முதலில் கைநீட்டினேன்.

ஊர் திரும்புகையில் ஒரு முளையைப் பையில் எடுத்து வந்தேன். அரூள் பாடம் தொடங்கும் நாளில் அதனை மாணவர்களின் கைகளில் கொடுத்து, இதுதான் வதத் என்கிறேன். அளவுக்கயிற்றின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அல்லாஹ் என் அத்தாவுக்கும், அன்று மினாவில் மறைந்தவர்களுக்கும் உயர்ந்த பதவியை வழங்குவானாக. அளவுக்கயிற்றோடு என்னிடம் வந்த அப்பெரியவருக்கு நல்வாழ்வு நல்குவானாக. ஆமீன்.