மலையில் தங்கிய பால்

சேலத்து வெயிலைப் பின்னால் விட்டு ஏற்காட்டுச் சாலையில் ஏறுவோர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். மூங்கிற் புதர்கள் மறைந்து, ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும், அம்மரங்களையே தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் கண்ணில் படும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏரியும் காடும் சேர்ந்து பெயர் தந்த ஏற்காடு நம்மை வரவேற்கும். சேர்வராயன் மலைத்தொடரின் மடியில் அமைந்த சிற்றூர் அது.

1820-ஆம் ஆண்டுகளில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பார் இங்குக் காப்பியைக் கொணர்ந்து பயிரிடச் செய்தார். கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளி இன்றும் இம்மலையில் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வருகிறது. வெளியூரிலிருந்து வந்த பலவும் இம்மண்ணில் வேரூன்றி, இம்மண்ணின் பொருளாகவே ஆகிவிட்டன. இவ்வுண்மையை நான் ஓர் அடுக்களையில் கண்டேன்.

2025 ஜனவரியில் நானும் என் மனைவியும் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஊருக்குச் சற்று விலகி, சிறு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் அவர்கள் வீடு. அத்தான் கிரேக்க நாட்டவருக்குச் சொந்தமான சரக்குக் கப்பல்களில் பல்லாண்டுகள் சமையற்காரராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆறு வெள்ளாடுகளும் ஒரு பசுவும் அவர்களுடைய செல்வம். பால் அன்றன்றே தேநீர்க் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் போய்விடும்.

மாலைச் சிற்றுண்டியின்போது தமக்கையார் எங்கள்முன் ஒரு மண்சட்டியை வைத்தார். தக்காளியும் வெங்காயமும் நல்லெண்ணெயில் வெந்து குழைந்திருக்க, நடுவே வெண்மையான கட்டி ஒன்று வீற்றிருந்தது. வாயிலிட்டேன். இலேசான புளிப்பு, நாவைச் சுண்டும் உப்பு, ஆட்டுப்பாலுக்கே உரிய மணம்.

“இஃது என்ன அக்கா?” என்றேன்.

“சாலை மூடிக்கிடந்த நாட்களில் கற்ற பாடம், தம்பி” என்றார் அவர்.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை சேர்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கலாம். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. தேநீர்க் கடைகளில் அடுப்பு எரியவில்லை. ஆனால், ஆடுகளுக்குச் சாலை மூடியது தெரியுமா? அவை வழக்கம்போல் மடி நிறையப் பால் சுரந்தன. மின்சாரமும் இல்லை. இரண்டு நாட்கள் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தும் மிஞ்சிய பாலைத் தமக்கையார் காப்பிச் செடிகளின் வேரில் ஊற்றினார். மூன்றாம் நாள், “சாலை திறந்ததும் ஆடுகளை விற்றுவிடுவோம், தீவனத்திற்குக் கடன், பாலோ மண்ணுக்கு” என்று கண் கலங்கினாராம். அப்போதுதான் அத்தானுக்குக் கப்பலில் தாம் திறந்த தகரப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன.

அப்பெட்டிகளில் உப்புநீரில் மிதந்தது ஃபெட்டா என்னும் கிரேக்கப் பாலாடைக்கட்டி. கிரேக்கம் மலைகள் மிகுந்த நாடு. கோடையில் மந்தைகளை உயரத்திற்கு ஓட்டிச் சென்ற இடையர்களுக்குச் சந்தை எட்டாத தொலைவு. எனவே பாலை உறையச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டுக் காத்தார்கள். ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்திலேயே, ஆட்டுப்பாலை உறையவைத்துக் கூடைகளில் சேர்க்கும் ஒற்றைக்கண் இடையன் ஒருவன் வருகிறான். திருவிவிலியத்திலும், போர்க்களத்திலிருந்த அண்ணன்மாரைக் காணச் சென்ற தாவீது, படைத்தலைவனுக்கென எடுத்துச் சென்றவை பத்துப் பாலாடைக்கட்டிகள் அல்லவா?

முறையான ஃபெட்டாவில் செம்மறியாட்டுப் பால் நூற்றுக்கு எழுபது பங்கேனும் இருக்க வேண்டும். எஞ்சியது வெள்ளாட்டுப் பாலாகலாம். பசும்பாலுக்கு அதில் இடமில்லை. குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்னும் உறைபொருளால் பாலை உறையச் செய்து, இரண்டு மாதமேனும் உப்புநீரில் பதப்படுத்துவர். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்பெயர் கிரேக்க நாட்டிற்கே உரியது.

நம் நாட்டு வெப்பத்தில் பால் ஒரே இரவில் தயிராகிவிடும். ஆதலால் நம் முன்னோர் மோராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கிச் சேமித்தார்கள். வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: ஆண்டவன் தந்த பால் வீணாகலாகாது.

“மாப்பிள்ளை, என்னிடம் ரென்னட் இல்லை, கொல்லையில் எலுமிச்சை மரம் இருந்தது. ஆகவே இது ஃபெட்டா அன்று, அதன் ஏழைத் தங்கை” என்று சிரித்தார் அத்தான். முதல் முறை, எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும் பாலில் ஊற்றி, மேலும் கொதிக்கவிட்டதால் கட்டி ரப்பர்போல் ஆகிவிட்டதாம். இரண்டாம் முறை கைகூடியது. இல்லத்தரசியர் செய்து பார்க்கும்பொருட்டு அம்முறையைத் தருகிறேன்.

இரண்டு லிட்டர் ஆட்டுப்பாலை வடிகட்டி நன்கு காய்ச்சுக. காய்ச்சாத பாலால் நோய் வரக்கூடும்; இதில் சோம்பல் கூடாது. பொங்கியதும் இறக்கி, சில நிமிடங்கள் ஆறவிடுக. நான்கைந்து மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு நீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி மெல்லக் கிளறுக. பால் திரிந்து, வெளிர்பச்சை நீர் தெளிவாகப் பிரிந்ததும் நிறுத்திவிடுக. சுத்தமான பருத்தித் துணியில் வடித்து, முடிந்து, மேலே அம்மிக்குழவியை வைத்து மூன்று நான்கு மணி நேரம் அழுத்துக. கால் கிலோவும் சற்று மேலும் கட்டி கிடைக்கும். அதைப் பலகைகளாக வெட்டுக. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 80 கிராம் உப்பும், இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாறும் கலந்து, கண்ணாடிச் சாடியில் அவற்றை மூழ்கவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் உண்ணலாம்; ஒரு வாரத்திற்குள் முடித்துவிடுதல் நலம். வடிந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையவோ, ரசம் வைக்கவோ பயன்படுத்துக.

எங்களுக்குப் பரிமாறிய பண்டமும் எளிதே. கிரேக்கர் இக்கட்டியைத் தக்காளியுடன் சூட்டடுப்பில் வைத்து, ஆலிவ் எண்ணெயும் ஓரிகானோ என்னும் மூலிகையும் சேர்ப்பர். அத்தான் ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெயும், ஓரிகானோவுக்குப் பதில் வேலியோரத்துக் கற்பூரவல்லியும் சேர்த்தார். இரண்டின் மணமும் உறவுடையது என்பதை முகர்ந்தாலே அறியலாம். மேலே இடித்த மிளகு, அந்தத் தோட்டத்து மிளகே. மூடியிட்டுச் சிறு தணலில் பத்து நிமிடம் வைத்தால் போதும். உப்புத் தனியே சேர்க்கலாகாது.

கீரையுடன் இக்கட்டியை உதிர்த்து, மெல்லிய மாவுத்தாளில் பொதிந்து சுடுவது கிரேக்க இல்லங்களின் வழக்கம். தமக்கையார் அரைக்கீரையை வதக்கிச் சப்பாத்தி மாவில் பொதிந்து தோசைக்கல்லில் சுட்டார். என் மனைவி நான்கு உண்டாள்! இரத்த அழுத்தம் உடையவர்கள் கட்டியை அரைமணி நேரம் வெறும் நீரில் ஊறவைத்து, அளவோடு உண்பது நன்று.

அந்த டிசம்பரில் மலைக்குளிரே அவர்களுக்குக் குளிர்பதனப் பெட்டியாயிற்று. செய்த கட்டிகளை இரண்டொரு நாளில் அயல் வீடுகளுக்குப் பகிர்ந்தளித்தார்கள். மின்சாரமின்றி இருந்த வீடுகளில் குழந்தைகள் அதைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு உண்டார்களாம். இதனால் அவர்கள் கடன் தீர்ந்துவிடவில்லை. விலைக்கு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். அதற்கான மனு எழுதி மேசைமேல் கிடந்தது.

“ஆடுகளை விற்றுவிட்டீர்களோ?” என்று விடைபெறும்போது கேட்டேன். தமக்கையார் மறுமொழி கூறாமல் கொட்டிலைச் சுட்டிக்காட்டினார். ஆறும் நின்றிருந்தன, ஒன்றன் மடியில் புதிதாய்ப் பிறந்த குட்டி முட்டிக்கொண்டிருந்தது.

துணி சுற்றிய சாடியை என் மனைவி மடியில் வைத்துக்கொள்ள, பேருந்து இருபது வளைவுகளையும் ஒவ்வொன்றாக இறங்கியது. மண் சரிந்த இடங்களில் புதுச் செம்மண் இன்னும் ஈரமாய்த் தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் சாடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.