தரவு மாதிரியும் எடுத்துக்காட்டும்

இலக்கண உரைகாரர் விதியை விளக்குவதோடு அமைவதில்லை. அதற்கு உதாரணமும் காட்டுவர். உரையின் கூறுகளாக 14 இனை எண்ணும் நன்னூல், உதாரணத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. கணினிக்கெனத் தரவு மாதிரி வகுப்போருக்கும் இம்மரபு பெரிதும் ஏற்புடையதாகும்.

எச்செய்திகளைப் பதிவது, அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் திட்டமே தரவு மாதிரி. நூலகமொன்றிற்காக அதனை வகுக்க முற்படுவோர், நூற்பெயர், ஆசிரியர், ஆசிரியரின் தந்தை பெயர், ஆண்டு என நான்கு நிரல்களை வரைந்து நிறைவு கொள்ளக்கூடும். வெற்று அட்டவணையில் எக்குறையும் தோன்றாது. உண்மையான நூல்களை அதில் எழுதிப் பார்க்குமிடத்தே குறைகள் புலனாகும்.

1979 இல் வெளிவந்த 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' என்னும் நூலை நோக்குக. சி. மௌனகுரு, மௌ. சித்திரலேகா, எம். ஏ. நுஃமான் ஆகிய மூவர் அதன் ஆசிரியர். ஆசிரியருக்கு ஓரிடமே உண்டெனின் இருவர் விடுபடுவர். மேலும், சித்திரலேகாவின் பெயர்முன் நிற்கும் 'மௌ.' தந்தையைக் குறிப்பதன்று, கணவரைக் குறிப்பது. அடுத்து, 'மஹாகவி'யின் நூலொன்றைப் பதிய முயன்றால், அது து. உருத்திரமூர்த்தியின் புனைபெயர் என்பதை எங்கே குறிப்பதென்ற வினா எழும். ஆசிரியர்களுக்குத் தனி அட்டவணையும், அவர்களை நூல்களோடு இணைக்கும் பிறிதோர் அட்டவணையும் வேண்டுமென்பது இவ்விரு நூல்களாலேயே தெளிவாகிவிடுகின்றது.

ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் எட்கார் கொட், உறவுமுறைத் தரவு மாதிரியை 1970 இல் முன்வைத்த கட்டுரையிலும் எண்கள் நிரப்பிய சிறு அட்டவணைகளைக் காணலாம். அவற்றுள் ஒன்றில் 'பாகம்' என்ற தலைப்பு இருமுறை வரும். எப்பாகம் எதனுள் அடங்குவது என்ற ஐயம் கண்டவுடன் எழும். நிரல் ஒவ்வொன்றும் வகிக்கும் பங்கினைப் பெயரால் வேறுபடுத்த வேண்டிய தேவையும் உடன் விளங்கும்.

எடுத்துக்காட்டுக்கள் ஒரு மாதிரி முற்றும் சரியென நிறுவமாட்டா; பிழையெனக் காட்டவே வல்லன. ஆதலின் எளிதில் அடங்குவனவற்றை விடுத்து, அடங்க மறுப்பனவற்றையே தேடி எழுதுதல் வேண்டும். பல்லாயிரம் பதிவுகள் சேர்ந்தபின் மாதிரியைத் திருத்துவது பெருஞ்சுமை. தாளொன்றில் ஐந்து நூல்களை எழுதிப் பார்ப்பதோ ஒருநாட் பொழுதும் வேண்டாத வேலை. அவ்வேலை செய்யப்படாதவிடத்து, பட்டியலில் விடுபட்ட ஆசிரியரை, பின்னர் தேடிவரும் மாணவர் எழுதாதவராகவே கொள்வர்.