ஒன்பது தசம் எட்டு ஒன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவர் ஆண்டிறுதியிற் சமர்ப்பித்த பௌதிகவியற் செயற்றிட்டங்களை மதிப்பிட்டுத் தருமாறு சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னைக் கேட்டிருந்தனர். பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் கற்பிப்பவன் என்பதைத் தவிர அப்பணிக்கு எனக்கு வேறு தகுதி இருந்ததெனக் கூறமுடியாது. இருபத்துமூன்று கொப்பிகள். அவற்றை விறாந்தை மேசையில் அடுக்கி வைத்தபோது இரண்டு மாலைப்பொழுதுகளில் வேலை முடிந்துவிடுமென எண்ணினேன்.

தேங்காயெண்ணெயின் பிசுக்குமையைத் துவிச்சக்கரவண்டியின் உருக்குக் குண்டுகளை வீழ்த்தி அளந்திருந்தாள் ஒரு மாணவி. கிணற்றுக் கயிறு நனைந்தால் எவ்வளவு நீளும் என்று ஆராய்ந்திருந்தான் ஒருவன். இவை படிப்பதற்கு இன்பமாகவே இருந்தன. எண்மர் மட்டும் ஒரே பரிசோதனையைத் தெரிந்திருந்தனர். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணிதலே அது. நூலும் ஈயக்குண்டும் இருந்தாற் போதும், வீட்டு வளையிலேயே கட்டித் தொங்கவிடலாம் என்பதால் அதனைத் தெரிந்தமையிற் குறைகாண்பதற்கில்லை. ஆனால் அவ்வெண்மரில் ஐவரின் விடை 9.81. ஐவருக்கும் ஈரிலக்கத் தசமம் வரை அதே எண்.

ஈர்ப்பு ஆர்முடுகல் புவியெங்கும் ஒன்றல்ல என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். முனைவுகளில் ஏறத்தாழ 9.83, மத்திய கோட்டில் 9.78. பாடநூல்கள் தரும் 9.81 இலண்டனுக்கும் பாரிசுக்கும் பொருந்துவது. பத்துப் பாகை அகலக்கோட்டுக்கும் தெற்கே கிடக்கும் யாழ்ப்பாணத்தில் அது 9.78 அளவிலேயே இருத்தல் வேண்டும். ஆயினும் கல்லூரி எனக்கு அனுப்பிய புள்ளித் திட்டத்தில், ‘முடிவின் செம்மை: 9.81 உடன் ஒப்பிட்டு 20 புள்ளிகள்’ என்றிருந்தது.

இவ்வேறுபாட்டை உலகுக்கு முதலில் உணர்த்தியதும் ஓர் ஊசலே. 1672 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஜான் ரிஷே என்பவரைத் தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயேனுக்கு அனுப்பியது. பாரிசிற் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. நேரத்தைச் சீர்செய்ய அவர் ஊசலை மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க நேர்ந்தது. பாரிசில் இருந்த காசினி இதனை அவதானியின் வழுவெனவே ஐயுற்றார். ரிஷே தம் எண்ணை மாற்றினாரல்லர். 1687 இல் வெளிவந்த தமது பேரூலில், புவி மத்திய கோட்டிற் புடைத்துள்ளது என்பதற்கு நியூற்றன் அவ்வளவீட்டையும் சான்றாகக் காட்டினார்.

ரிஷேயை நினைத்தவாறே ஐந்து கொப்பிகளையும் மறுபடி புரட்டினேன். அவற்றுள் ஒன்றில் அட்டவணையின் எண்கள் பென்சிலால் எழுதி அழிக்கப்பட்டிருந்தன. தாளை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பழைய எண்கள் தெரிந்தன. ஒரு மீற்றர் நீளத்தில் 50 அலைவுகளுக்கு இப்போது 100.3 செக்கன், அழித்த இடத்தில் 100.5. முன்னதைக் கொண்டு கணித்தால் 9.81 வருகிறது, பின்னதைக் கொண்டு கணித்தால் 9.77. மற்றை நீளங்களிலும் இவ்வாறே. கையால் இயக்கும் நிறுத்தற்கடிகாரத்தில் 0.2 செக்கன் என்பது விரலின் தாமதத்துள் அடங்கிவிடும். ஆகையால் அவனது முதல் அளவீடு யாழ்ப்பாணத்து ஈர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டதென நான் கூறவரவில்லை. அவன் உண்மையிற் கண்டதை அழித்தான் என்று மட்டுமே கூறலாம்.

வேறொரு மாணவியின் விடையோ 10.2. வரைபு உற்பத்தியினூடே செல்லும் அழகான நேர்கோடு. நெடுநேரம் விளங்காதிருந்து, பின்னரே பிடிபட்டது. ஊசலை விட்ட கணத்திற் ‘பூச்சியம்’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். ஐம்பதென அவள் கருதியவை நாற்பத்தொன்பதே. எல்லா நீளங்களிலும் அதே பிழை நிகழ்ந்தமையால் நேர்கோடு குலையவில்லை. எண்களைத் தொடாது விட்டமையாலேயே அவளது தவறை என்னாற் கண்டுபிடிக்க முடிந்தது. திட்டத்தின்படி செம்மைக்கு அவளுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

வாய்மொழித் தேர்வன்று கொப்பியை விரித்து அந்தப் பையனிடம் கேட்டேன். சற்றுத் தலைகுனிந்து நின்றுவிட்டு, “விடை பிழையா வந்தது, சேர். அதுதான் திருத்தினனான்” என்றான். அவனைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில், மயிர்த்துளைக் குழாயைக் கொண்டு நீரின் பரப்பிழுவிசையை அளந்தபோது எனக்கு வந்தது 61, வரவேண்டியது 72. விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்து நீர்நிரலின் உயரங்களை மாற்றி 71.8 என எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று திரும்பி வந்தது. 61 என்று எழுதியிருந்தால், குழாயில் எண்ணெய்ப்பசை இருந்தது என்று யாரேனும் எனக்குச் சொல்லியிருப்பார்கள். அதனை நானே உணர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

ஆய்வுகூடத்து மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊசலை மீண்டும் கட்டச் சொன்னேன். குண்டின் மையம் வரை ஒரு மீற்றர் அளந்தோம். அவன் பூச்சியத்திலிருந்து எண்ணினான். 100.6 வந்தது. மறுமுறை 100.3. பின்னர் 100.5.

“மூண்டும் மூண்டு விதமா வருகுது, சேர். எதை எழுத?”

“மூண்டையும் எழுதும், தம்பி.”

அன்று மாலை புள்ளித்தாளில் ‘முடிவின் செம்மை’ என்ற நிரலைப் புறக்கணித்து, 10.2 பெற்றவளுக்கு உயர்ந்த புள்ளி இட்டு, காரணங்காட்டி அதிபருக்குக் கடிதம் ஒன்றும் இணைத்தேன். பையனுக்கு முதற் கொப்பிக்காகக் குறைத்தேன். அந்த மூன்று எண்களுக்காகச் சிறிது கூட்டினேன். அது நீதியானதா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. 9.81 எழுதிய மற்றை நால்வரின் கொப்பிகளையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அவர்கள் தனித்தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொப்பியிற் பிரதிசெய்திருக்க வேண்டும்; தாள் மிகத் துப்புரவாக இருந்தது. அவர்களுக்கு ஒரு புள்ளியும் என்னாற் குறைக்க முடியவில்லை.