இரண்டு தாள்கள்

எங்கள் வீட்டு விவிலியத்தினுள் இரண்டு இரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கின்றன. ஒன்று என் மனைவியுடையது, மற்றது மகளுடையது. இரண்டிலும் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்றே எழுதியிருக்கிறது.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையொன்றில் லேபிள் ஒட்டிவந்த என் மனைவிக்கு விரல் மூட்டுகள் வீங்கின. கன்னங்களில் சிவந்த படை தோன்றிற்று. வெயில் என்றனர் சிலர். மருந்துப் பொடி என்றனர் சிலர். வலி மாத்திரைகளிலேயே இரண்டாண்டுகள் கழிந்தன. பின்னரே மதுரை மருத்துவர் ஒருவர் இந்தச் சோதனையைச் செய்வித்தார். கிருமிகளோடு போரிட வேண்டிய எதிர்ப்பொருள்கள் நம் உயிரணுக்களின் கருவையே பகையெனக் கருதுவதை இது காட்டும். அவளுக்கு டி.என்.ஏ.வை எதிர்க்கும் பொருளும் மிகுந்திருந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. ‘லூபஸ்’ என்றார்.

மகளுக்கு விருதுநகரில் மணம் பேசியபோது, அச்சத்தால் அவளையும் சோதித்தோம். முடிவைக் கண்ட இரவு உறங்கவில்லை. ஓலை வாசிக்க இரண்டே ஞாயிறுகள் இருந்தன. “மறைத்துவிடுங்கள்” என்றனர் உறவினர். என் மனமும் அதற்கு இசைந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

மருத்துவர் அமைதியாக விளக்கினார்: “1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், 40 மடங்கு நீர்க்கச் செய்த இரத்தத்தில் நலமுள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது காணப்பட்டது, 160 மடங்கில் நூற்றுக்கு ஐவருக்கே. உங்கள் மனைவிக்கு 640, மகளுக்கு 40தான். அவளுக்கு மூட்டுவலியில்லை, படையில்லை, சிறுநீரும் சீராயிருக்கிறது. தாய்க்கு லூபஸ் இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடும். ஆனால் பெரும்பாலோருக்கு வருவதில்லை. இத்தாள் மட்டும் நோயாகாது.”

அன்று மாலையே இரு தாள்களோடும் மாப்பிள்ளை வீட்டிற்குச் சென்று யாவற்றையும் கூறினேன். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு சம்பந்தியம்மாள், “நாளை என் மகனுக்கு ஒரு நோய் வந்தால் உங்கள் பெண் விட்டுவிடுவாளா, அண்ணாச்சி?” என்றார். அந்த ஞாயிறன்றே ஓலை வாசிக்கப்பட்டது.

மனைவி இன்றும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் உட்கொள்கிறாள். ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்கிறாள். காலைத் திருப்பலிக்குத் தானே நடந்து வருகிறாள்.

அன்பு வாசகர்களே, மூட்டு வீக்கமும் படையும் நீடித்தால், வலி மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தாளைக் கண்டு மட்டும் அஞ்சவும் வேண்டாம். மறைத்திருந்தால் என் மகள் இல்லறத்தை ஒரு பொய்யோடு தொடங்கியிருப்பாள். அதிலிருந்து ஆண்டவர் எங்களைக் காத்தார்.