எந்த ஊருக்குச் சாமான் கட்டுவது

அக்டோபர் 5, 2025, ஞாயிறு, குண்டக்கல்

இந்த மாதம் 31ஆம் தேதி என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகிறார். குவார்ட்டர்ஸை அதற்குப் பிறகும் நாலு மாதம் வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் பொங்கலுக்கு முன்னால் ஓர் ஊரில் நிலையாகப் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. முப்பத்திரண்டு வருடமாக ரயில்வே போகச் சொன்ன ஊருக்குப் போனோம். பாக்காலா, ரேணிகுண்டா, தர்மாவரம், கடைசியில் இந்தக் குண்டக்கல். எந்த ஊர் வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. இப்போது நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

மகன் விசாகப்பட்டினத்துக்குக் கூப்பிடுகிறான். “கடல் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, நானும் இருக்கேன். வேற என்னம்மா வேணும்?” என்று போனில் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மகள் ஆவடியில் இருக்கிறாள், என் தம்பி சித்தூரில். விசாகப்பட்டினம் போய்விட்டால் இவர்களைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வர வேண்டும்.

இவருக்குத் திருப்பதி. எனக்குச் சித்தூர். வாய்விட்டு இரண்டு பேரும் சண்டை போடவில்லை, மனசுக்குள் நடக்கிறது. அத்தை கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தண்ணி வர ஊராப் பாருங்க நைனா” என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 8, புதன்

பரண் ஒழித்தேன். அத்தையின் டிரங்குப் பெட்டிக்குள் பழைய சேலையில் சுற்றி ஒரு இரும்புக் கப்பி. பள்ளிப்பட்டு வீட்டுக் கிணற்றில் இருந்தது. துரு ஏறியிருந்தாலும் சக்கரம் சுற்றுகிறது. நடுவில் கயிறு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளத்தில் என் சுண்டுவிரல் சரியாக உட்கார்ந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போடலாமா என்று கேட்டேன். அத்தை பதில் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அத்தை 1944இல் பிறந்தவர். அப்போது பள்ளிப்பட்டு சித்தூர் ஜில்லா, சென்னை மாகாணம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஊர் அந்தப் பக்கம் போனது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் தெலுங்கு எழுத்தும் எழுதியிருக்கிறார். 1956இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம், அதன் பிறகு வந்த படாஸ்கர் தீர்ப்பு, எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. பதினாறு வயதுக்குள் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே அத்தை இத்தனை மாநிலம் பார்த்துவிட்டார். கல்யாணமாகிச் சித்தூர் வந்ததுதான் அவராக எல்லை தாண்டியது.

குண்டக்கல்லில் ஒன்பது வருடமாக எங்களோடு இருக்கிறார். இங்கே பேசும் அனந்தபூர்த் தெலுங்கு அவர் காதில் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா நல்ல மாதிரி. தினமும் வாசலில் நின்று “பாகுன்னாரா?” என்பார். அத்தை தலையை ஆட்டுவார். ஒன்பது வருடப் பேச்சு அவ்வளவுதான்.

அக்டோபர் 11, சனி, திருப்பதி

புரட்டாசி நாலாம் சனிக்கிழமை. இந்த நாளில் யாராவது வீடு பார்க்க வருவார்களா என்று மகள் கேட்டாள். இந்த நாளில்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கூட்டத்தோடு வாழ முடியுமா என்பதைக் கூட்டத்தில்தானே தெரிந்துகொள்ள முடியும்?

தர்மாவரம், பாக்காலா வழியாக வந்தோம். செட்டிபள்ளியில் இவரோடு வேலை பார்த்தவர் வீட்டில் தங்கல். ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் சேலைகள், மொட்டைத் தலைகள், துணி மூட்டைகள். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை என்று பாதித் தமிழ்நாடு அங்கே நின்றது. ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, “அலிபிரியா அக்கா, பஸ் ஸ்டாண்டா?” என்று தமிழிலேயே கேட்டார். செட்டிபள்ளி என்று தெலுங்கில் சொன்னதும் கேட்ட தொகையில் பாதியாகக் குறைத்தார். திருப்பதியில் தமிழுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது வந்து போகிறவர்களுக்கான தமிழ். இங்கே நான் தமிழ் பேசினால் ஊர்க்காரியாக எண்ண மாட்டார்கள்.

இவர் விடியற்காலையிலேயே அலிபிரியில் ஏறிவிட்டார், 3,550 படி. மத்தியானத்துக்கு மேல் கால் நடுங்க இறங்கி வந்தார், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. “மாசம் ஒருவாட்டி இது கிடைச்சாப் போதும்” என்றார். அவருக்கு ஏன் திருப்பதி என்று எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு, திருப்பதி – சித்தூர்

காலையில் மூன்று வீடு பார்த்தோம். மொட்டை மாடிக்குப் போனால் எதிரே மலை, சேஷாசலத்தின் செம்பாறைச் சுவர் அப்படியே நிற்கிறது. இந்தப் பக்கம் எஸ்.வி. பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி, ஏர்பேடு வழியில் ஐ.ஐ.டி. வாழ்கிறவருக்கு வேண்டியது எல்லாம் கைக்கெட்டும் தூரம். சென்னைக்கு நேர் ரயில். குழாய்த் தண்ணீருக்குக் கல்யாணி அணையும் தெலுங்கு கங்கையும் இருக்கின்றன. வாடகை மட்டும் பதினைந்தாயிரத்துக்குக் கீழே யாரும் இறங்கவில்லை. பென்ஷனில் அது பெரிய வாய்.

எம்.ஆர். பள்ளிப் பக்கம் பார்த்த வீட்டில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. மேலே வெள்ளையடித்தும் மறையவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். 2021 நவம்பர் வெள்ளம் என்றார். மலையில் கொட்டிய மழை அத்தனையும் ஊருக்குள் இறங்கிய நாள் அது. அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில் பூமிக்குள் புதைத்திருந்த சிமெண்ட் உறைத் தொட்டி தரைக்கு மேலே எழும்பி நின்றது. நானும் டிவியில் பார்த்திருக்கிறேன். நிலத்தடியில் அவ்வளவு தண்ணீர். ராயலசெருவு கரை கசிந்தபோது கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்களாம். வீட்டைக் காட்டிய புரோக்கர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் சித்தூர் எக்ஸ்பிரஸ் பஸ். ஆதாரைக் காட்டினதும் கண்டக்டர் எனக்கும் அத்தைக்கும் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஆகஸ்ட் 15இலிருந்து பெண்களுக்கு இலவசம். இவருக்கு மட்டும் காசு. அத்தை அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சந்திரகிரிக் கோட்டை தாண்டும்போது இருட்டிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள், சித்தூர்

நான் பிறந்த ஊர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. உள்ளது உள்ளபடி:

சித்தூரில் தண்ணீர் கஷ்டம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் கஷ்டம், இப்போதும் கஷ்டம். நீவா ஆறு ஊர் நடுவே போகிறது, தண்ணீர் ஓடிய நாளை விரல் விட்டு எண்ணலாம். தம்பி வீட்டு போர் தொள்ளாயிரம் அடி. ஏப்ரல் வந்தால் தெருவுக்குத் தெரு டேங்கர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனதிலிருந்து ஊருக்கு இருந்த களையும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டும் இருக்கின்றன, இளவட்டங்கள் இல்லை. எல்லாரும் பெங்களூர், சென்னை.

தம்பி முகமே சரியில்லை. இந்த வருடம் தோத்தாபுரி அவனை அடித்துவிட்டது. ஜூனில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரோடு இரண்டு ராத்திரி நின்றிருக்கிறான். கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய், அதில் நாலு ரூபாய் சர்க்கார் தரும் என்று அறிவிப்பு வந்தது. இவனுக்கு அந்த விலை கைக்கு வந்து சேரவில்லை. கடைசியில் நாலு டன்னை மரத்தடியிலேயே விட்டுவிட்டான். “அக்கா, இங்க வந்து இன்னா செய்யப் போறீங்க?” என்று அவனே கேட்டான். கூப்பிடுவான் என்று நினைத்து வந்தவளுக்கு அது சுருக்கென்றது.

இதெல்லாம் ஒரு பக்கம். மத்தியானம் கிரீம்ஸ்பேட்டையில் ஒரு வீடு பார்க்கப் போனோம். பழைய ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு. நாங்கள் உள்ளே அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தால் அத்தையைக் காணோம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பாதி தமிழ், பாதி தெலுங்கு. “நீங்க எந்தூரு பெத்தம்மா?” என்று ஆரம்பித்ததாம். அந்த அம்மாவின் பெரியப்பா வீடும் பள்ளிப்பட்டுப் பக்கம். பேச்சு தர்மராஜா கோவில் திருவிழாவுக்குப் போய்விட்டது. பதினெட்டு நாள் பாரதம், விடிய விடியக் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறினபோது இன்னார் அந்த வேஷம் கட்டினார் என்று இரண்டு பேரும் பெயர் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையும் கீரை ஆய ஆரம்பித்திருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஐம்பது நிமிடம்.

இவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், எந்த ஊரிலும் நாலு பேர் கிடைப்பார்கள். நான் கடை, கோவில் என்று வெளியே போகிறவள், தெலுங்கும் பழகிவிட்டது. ஊர் என்று ஒன்று வேண்டியது வீட்டிலேயே கிடக்கிறவருக்குத்தான். இவ்வளவு நாளும் நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்காகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அத்தையைக் கேட்கவே இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய், சித்தூர்

மறுபடி கிரீம்ஸ்பேட்டை. எட்டாயிரம் வாடகை. வேலூர் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். அத்தையின் முட்டிவலிக்குக் காட்டும் பைல் சி.எம்.சி.யில்தான் இருக்கிறது. அந்தப் பஸ் எல்லை தாண்டுவதால் இலவசம் கிடையாது, பரவாயில்லை.

அத்தை கிணற்றடிக்குப் போய் ஒரு கல்லை எடுத்துப் போட்டார். ‘தொப்’ என்று சீக்கிரமே சத்தம் வந்தது. எனக்குச் சந்தோஷம். அத்தை முகத்தில் மாற்றமில்லை. “மழை பேஞ்ச புரட்டாசியில எந்தக் கெணத்துலயும் தண்ணி கீது. சித்திரை, வைகாசியில பாக்கணும்” என்றார். அதனால் வாங்கும் பேச்சை எடுக்கவில்லை. பதினொரு மாத அக்ரிமெண்ட், நடுவில் ஒரு கோடை வரும்.

ஹந்திரி–நீவா கால்வாயைப் பற்றித் தம்பி நம்பிக்கையாகப் பேசுகிறான். ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா தண்ணீரை ஏற்றி ஏற்றி, எங்கள் அனந்தபூர் மாவட்டம் வழியாக இந்தப் பக்கம் கொண்டுவரும் திட்டம். பெயரிலேயே சித்தூர் ஆறு இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் குப்பம் வரை வந்துவிட்டது. இங்கேயும் வர வேண்டும் என்று அந்தக் கிணற்றடியில் நின்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

இவர் அதிகம் பேசவில்லை. ராத்திரி, “திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர், காலைல போனா மலை ஏறி எறங்கி ராத்திரிக்கு வந்துடலாம்” என்றார். அவர் விட்டுக்கொடுப்பது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 28, செவ்வாய், குண்டக்கல்

மோந்தா புயல் இன்று ராத்திரி காக்கிநாடா பக்கம் கரை கடக்கிறது. விசாகப்பட்டினத்தில் பேய் மழை. மகன் எட்டு மணிக்குப் பேசும்போது ஜன்னல் அடிக்கும் சத்தம் இங்கே கேட்டது. 2014இல் ஹூட்ஹூட் அந்த ஊரை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதே நினைவு. “நல்லவேளை நீங்க இங்க இல்ல” என்றான். எனக்கோ பக்கத்தில் இல்லையே என்று இருக்கிறது. சித்தூர் என்று முடிவு செய்ததில் அவனை விட்டுவிட்ட மாதிரி ஒரு குத்தல், இன்று முழுக்கப் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று முன்தினம் இவருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். இன்று அட்வான்ஸ் பணம் தம்பிக்கு அனுப்பியாயிற்று.

சாமான் கட்ட ஆரம்பித்தோம். அத்தை கப்பியைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். சக்கரம் இப்போது கிறீச்சிடாமல் சுற்றுகிறது. அதை மூட்டையில் வைக்காதே, கையோடு எடுத்துக்கொள் என்றார். பிறகு, தாம்புக்கயிறு எத்தனை முழம் வாங்க வேண்டும் என்று கேட்டார். தம்பிக்குப் போன் போட்டேன். கிணற்றில் கயிறு விட்டு அளந்து சொல்கிறேன் என்றான். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கி, “இப்ப அளக்காத நைனா, வைகாசித் தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்கும்னு பக்கத்து வூட்டு அம்மாவைக் கேளு” என்றார்.