இணைத்தவர் யார்?

நான் நடத்திய நுகர்வோர் வழக்குகளிலேயே மிகச் சிறிய சான்றுப்பொருள் ஒரு முழ நீளக் கறுப்பு கேபிள். ஒரு முனையைக் கணிப்பொறிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் செருக வேண்டும்; மறுமுனையில் ஹார்டுடிஸ்க் மாட்ட மூன்று இணைப்புகள். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது கருக்கிய தட்டுகளில் பாளையங்கோட்டையையும் மேலப்பாளையத்தையும் சேர்ந்த சில குடும்பங்களின் கல்யாண வீடியோக்கள் இருந்தன.

முறையீட்டாளர் இருபத்து மூன்று வயதுப் பையன். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. பையன் பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்வான், இரவில் கேம் ஆடுவான். இரண்டுக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என்னென்ன பாகம் வாங்குவது, எங்கே வாங்குவது என்று ஒரு நோட்டில் பட்டியல் போட்டு, தானே பொருத்திக்கொள்ளத்தான் முதலில் இருந்தான். ஆனால் அது 2021. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. போதாக்குறைக்கு எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாணயம் தோண்டும் முறையையே 2022 செப்டம்பரில் கைவிட்டதோடு அந்தப் பசி அடங்கிவிட்டது. அவன் தேடிய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு எங்கும் தனியாகக் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருப் பக்கத்தில் ஒரு கடையில் இருந்தது. "தனியா தர மாட்டோம் தம்பி, முழு செட்டா எடுத்தா உண்டு" என்றார்கள். அந்த நாளில் பல கடைகள் இப்படித்தான் விற்றன. நோட்டை மூடிவிட்டு, ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து முழு சிஸ்டத்தையும் வாங்கினான். பொருத்தி, ஓட்டிப் பார்த்து, பார்சலில் அனுப்பினார்கள். பெட்டி வந்தது. உள்ளிருக்கும் பாகங்களின் அட்டைப்பெட்டிகள், கையேடுகள், மிச்ச வயர்கள் எதுவும் வரவில்லை.

சில மாதம் கழித்து வீடியோக்களைச் சேமிக்க இரண்டு ஹார்டுடிஸ்க் வேறிடத்தில் வாங்கினான். வேலைகளை அவற்றில் ஏற்றி, வெளியிலிருந்தே இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டையும், பழைய எஸ்எஸ்டி ஒன்றையும் கேபினட்டுக்குள்ளேயே வைத்துவிட நினைத்தான். திறந்து பார்த்தால் அவற்றுக்கு மின்சாரம் தரும் கேபிள் இல்லை. கடைக்கு வாட்ஸ்அப்பில் எஸ்எம்பிஎஸ்ஸின் படத்தை அனுப்பிக் கேட்டான். கேபிள் கூரியரில் வந்தது. "அப்படியே மாட்டிக்கோங்க தம்பி" என்று ஒரு செய்தியும் வந்தது. மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் தீய்ந்த வாடை. மூன்றும் போய்விட்டன.

கடை சொன்ன பதில்: சிஸ்டம் ஓடுகிறதே, பிறகு என்ன குறை? ஓடத்தான் செய்தது. இயங்குதளம் இருந்த தட்டு மதர்போர்டிலேயே நேராகச் செருகும் வகை. அதற்கு அந்தக் கேபிள் வேண்டியதில்லை. ஹார்டுடிஸ்க் நிறுவனத்தின் சர்வீஸ் மையம், கருகிய தடம் இருப்பதால் வாரண்டி கிடையாது என்றது. எஸ்எம்பிஎஸ் நிறுவனம் சோதித்துப் பார்த்து, எங்கள் பொருள் சரியாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்தது. அவர்கள் சொன்னது பொய்யுமில்லை. ஒவ்வொரு பாகமும் நன்றாக இருந்தது. கெட்டது பாகங்கள் சேரும் இடத்தில்.

என்னிடம் வந்தபோது அப்பாதான் பேசினார். "யாரக் கேட்டாலும் அடுத்தவனக் கை காட்டுதான் வக்கீலய்யா. காசு வாங்குனவன் ஒருத்தன்தானே?"

பில்லைக் கேட்டேன். அதில் 'கேமிங் பிசி, 1' என்று ஒரே வரி, ஒரே தொகை. பக்கத்தில் வரிக்கான எண் 8471. ஜிஎஸ்டி அட்டவணையில் அது முழுக் கணிப்பொறிக்கு உரிய எண். மதர்போர்டு போன்ற பாகங்களைத் தனித்தனியாக விற்றிருந்தால் 8473 வந்திருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 8504. பாகங்களை விற்றவர் மட்டுமே நாங்கள் என்று கடை நாளைக்குச் சொல்ல முடியாதபடி, கடையின் பில்லே எங்கள் பக்கம் பேசியது.

இனி சட்டம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இல்லாவிட்டால் இந்த வழக்கைத் திருநெல்வேலியில் தொடுப்பது கடினமாக இருந்திருக்கும். பழைய சட்டத்தில் பெரும்பாலும் விற்றவர் இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே முறையிட இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்ததால் கட்டணமும் இல்லை.

அதைவிட முக்கியமான வரி 2(36)-இல் இருக்கிறது. தயாரிப்பாளர் யார் என்று சொல்லும்போது, பிறர் செய்த பாகங்களைப் பொருத்துகிறவரும் தயாரிப்பாளரே என்கிறது சட்டம். ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து சிஸ்டம் பொருத்தி விற்கும் சின்னக் கடைக்காரரும் சட்டத்தின் முன் தயாரிப்பாளர்தான். எத்தனை கடைக்காரர்களுக்கு இது தெரியும் என்று அன்று யோசித்தேன். வாங்குகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

முதல் எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான்: பையன் எடிட்டிங் செய்து சம்பாதிக்கிறான், ஆகவே வணிக நோக்கம், ஆகவே நுகர்வோர் அல்ல. இதற்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி எஞ்சினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கு. வழக்குப் போட்டவர் அதில் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைக்கிறவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்து எடிட் செய்யும் பையன் அந்தத் தட்டச்சுக்காரரின் வரிசையில்தான் வருவான். மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. கேபினட்டைத் திறந்தது அவன், கேபிளை மாட்டியது அவன். அப்படியானால் இணைத்தவர் யார்? சென்னையிலிருந்து வந்த எதிர்த்தரப்பு வழக்குரைஞர் நல்ல திறமைசாலி. "மளிகைக் கடைக்காரர் சாமான் கொடுத்தார், வீட்டில் குழம்பு தீய்ந்துபோனால் கடைக்காரரா பொறுப்பு?" என்று கேட்டார். எங்கள் கட்சிக்காரர் மளிகை வாங்கவில்லை, குழம்பு வாங்கினார்; கொஞ்சம் உப்பு வேண்டும் என்று சமைத்தவரையே கேட்டார், அவர் கொடுத்ததைப் போட்டார் என்றேன்.

வாதம் போதாது, நிரூபிக்க வேண்டும். நிபுணர் வேண்டும் என்று மனுச் செய்தோம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை ஆணையம் நியமித்தது. அவர் அறிக்கையோடு நிற்காமல் ஒரு மல்டிமீட்டரையும் எடுத்து வந்தார். எஸ்எம்பிஎஸ் நிறுவனத்தின் சொந்தக் கேபிள் ஒன்றையும், கூரியரில் வந்த கேபிளையும் மேசைமேல் அருகருகே வைத்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தாம். ஹார்டுடிஸ்க் பக்கத்து முனைக்கு உலகம் முழுக்க ஒரே வரையறை. எந்த ஊசியில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பது மாறாது. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கத்து முனைக்கு அப்படிப் பொது வரையறை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரிசையை அமைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளும் மாறலாம். ஆனால் பிளாஸ்டிக் முனையின் வடிவம் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பொருந்தாத கேபிளும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். ஆசிரியர் மீட்டரின் முனைகளை ஒவ்வொரு ஊசியாக வைத்துக் காட்டினார். 5 வோல்ட் வர வேண்டிய தடத்தில் 12 வோல்ட். ஆணையத் தலைவர் முன்னால் சாய்ந்து, "திரும்ப ஒருமுறை வைங்க" என்றார். வைத்தார். மீட்டர் அதையே சொன்னது.

பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் கையேட்டை அதன் நிறுவனத் தளத்திலிருந்து எடுத்துச் சான்றாவணமாகக் குறித்தோம். உடன் வந்த கேபிள்களைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அந்தக் கையேடு கடையிலேயே தங்கிவிட்டது; உடன் வந்த கேபிள்களும் அங்கேயே. கடை தயாரிப்பாளர் அல்ல, வெறும் விற்பனையாளர்தான் என்று வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் 86-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: பொருத்துவதில் உரிய கவனம் காட்டாத விற்பனையாளரும், தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சேர்க்காத விற்பனையாளரும், அதனால் வந்த தீங்குக்குப் பொறுப்பு. "அப்படியே மாட்டிக்கோங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியை, அன்றைய சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்திருந்தோம். மாட்டிய கை பையனுடையது. எதை எதோடு மாட்டலாம் என்று முடிவுசெய்தது கடை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பொருள் பொறுப்பு அத்தியாயத்தில், உடைமையைப் பொறுத்தவரை 'தீங்கு' என்றால் அந்தப் பொருளைத் தவிர மற்ற உடைமைக்கு வந்த சேதம். பொருள் தன்னையே கெடுத்துக்கொண்டது அதில் வராது. ஹார்டுடிஸ்க்குகளைப் பையன் வேறிடத்தில் தனி பில்லில் வாங்கியிருந்ததால் அவை 'மற்ற உடைமை' ஆயின. அவையும் அந்த சிஸ்டத்தோடு ஒரே பில்லில் வந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். குறைபாடுள்ள பொருள் என்ற வழக்கமான பாதையில் பழுது நீக்கம், மாற்று, பணம் திருப்பித் தருதல் என்று கேட்டிருக்க வேண்டியிருக்கும்.

ஆணையம் மூன்று தட்டுகளின் விலை, டேட்டா மீட்புச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கொடுக்கச் சொன்னது. ஹார்டுடிஸ்க்கின் மின்பலகையில் பெரும்பாலும் இத்தகைய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு சாகும் டயோடு ஒன்று இருக்கும். அதன் புண்ணியத்தில் இரண்டிலிருந்தும் வீடியோக்கள் மீண்டன. எஸ்எஸ்டியில் இருந்தவை மீளவில்லை. அதில் இருந்த ஒரு நிச்சயதார்த்தத்தின் வேலைக்கு வாங்கிய பணத்தைப் பையன் திருப்பிக் கொடுத்திருந்தான். அந்த வருமான இழப்பை ஆணையம் தரவில்லை. பொருள் பொறுப்பில் பொருளாதார இழப்பைச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. சேவைக் குறைபாடாகக் கேட்டதும் ஏற்கப்படவில்லை. இன்றும் அது எனக்கு உடன்பாடில்லை. கணிப்பொறியை நம்பிப் பிழைக்கிறவனுக்குத் தட்டின் விலையா பெரிய நட்டம்? சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மேல்முறையீட்டுக்குப் போகக் குடும்பத்துக்குத் தெம்பில்லை.

இந்த வழக்குக்குப் பிறகு, கேமிங் சிஸ்டத்தை நாமே பொருத்துவதா, கடையில் பொருத்தி வாங்குவதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பிள்ளைகளின் அப்பாக்கள். விலை வித்தியாசத்தைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பொருத்தி வாங்கும்போது நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், இணைப்புக்குப் பதில் சொல்லும் ஓர் ஆளுக்கான விலை என்பேன். அந்த ஆள் பில்லில் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் நிறுவனமும் மாடலும் எழுதியிருக்க வேண்டும். அட்டைப்பெட்டி, கையேடு, மிச்ச கேபிள் எல்லாம் கைக்கு வர வேண்டும். இதைத் தர மறுக்கும் கடையில் பொருத்தி வாங்குவதில் ஒரு பயனும் இல்லை.

தானே பொருத்துகிறவருக்குப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி; கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்திலிருந்து பத்து வருடம்வரைகூட. விலை குறைவு என்று எங்கிருந்தோ இறக்கிய பாகத்தை வாங்கினால் அந்த வாரண்டி இந்தியாவில் செல்லாமல் போகலாம். பெட்டியோடு வரும் பிராசசர்களுக்கு, இந்தியாவிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வாங்கினால்தான் இங்கே வாரண்டி என்று 2016-இல் இன்டெல் கொண்டுவந்த கொள்கைமேல், 2019-இல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கே உத்தரவிட்டது. இணைப்பில் தவறு வந்தால் பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்பதைத் தெரிந்து, நிதானமாகக் கையேடு படிக்கிறவர் தானே பொருத்தலாம். அதில் கிடைக்கும் அறிவு எந்தக் கடையும் விற்காதது.

பணம் வந்ததும் பையன் புதிய சிஸ்டத்துக்குப் பட்டியலோடு வந்து நின்றான். இந்த முறை தானே பொருத்தப்போவதாகச் சொன்னான். அப்பாவுக்குச் சம்மதமில்லை.

"இவன் மாட்டுனா நாளைக்குக் கேக்க ஆளில்லயே, வக்கீலய்யா."

"கேக்க ஆளிருந்தும் ரெண்டு வருசம் அலஞ்சோம்லாப்பா?" என்றான் மகன்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அவன் பக்கம் பேசினேன். எஸ்எம்பிஎஸ்ஸின் எந்த முனையில் என்ன வருகிறது என்று அந்த மல்டிமீட்டர் ஆசிரியரிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டவன் அவன். பாகங்களை வாங்கிய பிறகு பில்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கிராபிக்ஸ் கார்டு பில்லில் வரிசை எண் எழுதப்படவில்லை. திருப்பி அனுப்பினேன். எண்ணை எழுதி, முத்திரை வாங்கி வந்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தான்.